சோஃபாக்காரர்

குரூஸர் பைக் வைத்திருப்பவர்களைப் பற்றி ஜரீனாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பதினான்கு வருடமாக ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் மோட்டார்சைக்கிள் சொல்லிக்கொடுக்கிறாள். பெரிய வண்டி லைசன்ஸுக்கு வரும் ஆண்களில் பாதிப் பேர் ஐம்பதை நெருங்கியவர்கள். முதல் நாளே தோல் பூட்ஸோடு வந்து நிற்பார்கள். லைசன்ஸுக்கு முன்னாலேயே பூட்ஸ் வாங்கியவன் கடைசியில் என்ன வண்டி வாங்குவான் என்று அவளுக்குத் தெரியும். குறுகிய பலகை மீது மெதுவாக ஓட்டிப் போகச் சொன்னால் மூன்றாவது மீட்டரில் காலை ஊன்றிவிடுவார்கள். ஊன்றிவிட்டு, பயிற்சி வண்டியின் கிளட்ச் சரியில்லை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டன்லப் ஸ்ட்ரீட் பராட்டாக் கடையில் அவளுடைய கூட்டம் சேரும். பேருந்து பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் ரமணன் வருவான். இருபது வருடமாகச் சின்ன நூற்றைம்பது சிசி வண்டியில் ஊர் முழுக்கப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இப்ராஹீம் அண்ணன் வருவார். இன்னும் இரண்டு மூன்று பேர் வருவார்கள், போவார்கள். கடைக்கு எதிரே வண்டி நிறுத்தும் இடத்தில் குரூஸர் ஏதாவது வந்து நின்றால் பேச்சு அங்கே திரும்பிவிடும். அகலமான ஹேண்டில், நீட்டி உட்காரும் இருக்கை, கண் கூசும் குரோம், கைப்பிடியில் தொங்கும் தோல் குஞ்சம். ரமணன்தான் அதற்கு சோஃபா என்று பெயர் வைத்தான். ஓட்டிக்கொண்டு வருகிறவர் சோஃபாக்காரர். இரண்டு வண்டி நிற்கும் இடத்தை ஒரு சோஃபா அடைத்துக்கொள்கிறது, இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சோஃபாக்காரர் யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார் என்றெல்லாம் பேசிச் சிரிப்பார்கள். சாலையில் பைக்கில் எதிரே வருகிறவருக்குத் தலையசைப்பது அவர்களுடைய பழக்கம். சோஃபாவுக்கு மட்டும் அசைப்பதில்லை.

அப்படியிருக்க, ஜரீனாவின் அக்கா அமீராவின் கணவர் ஜாஃபர் ஒரு குரூஸர் வாங்கினார்.

ஜாஃபருக்கு ஐம்பது வயது. அலுவலகங்களுக்கு நகலெடுக்கும் இயந்திரம் பழுதுபார்த்துக் கொடுக்கும் கம்பெனியில் மேனேஜர். அதிகம் பேசாதவர், சட்டையில் மடிப்புக் கலையாதவர். கொழுந்தியாளிடம் போய்க் கற்றுக்கொள்வதா என்று வேறொரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, நான்கு தரம் தேர்வுக்குப் போய் லைசன்ஸ் வாங்கினார். பிறகு ஆயிரத்து எழுநூறு சிசியில் கறுப்பு வண்டி ஒன்று. அதைக் காட்ட ஜரீனாவை அங் மோ கியோவிலுள்ள தன் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்குக்கு அழைத்தார். அவள் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் ஜாஃபர்.

"நல்லா உக்காரலாம் மச்சான்," என்றாள்.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னும் நான்கு குரூஸர்காரர்களோடு சேர்ந்து ஒரு கிளப்பும் ஆரம்பித்தார். முதுகில் கழுகு தைத்த கறுப்புத் தோல் உள்சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வரை ஓட்டி வந்து, தே தாரிக் குடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். ஒரு ஞாயிறு அவர்கள் பராட்டாக் கடைக்கு எதிரிலேயே வந்து நிறுத்தினார்கள். ஜாஃபர் சாலைக்கு அப்பாலிருந்து கையசைத்தார். ஜரீனாவும் கையை உயர்த்தினாள், காதுவரைக்கும்தான். அன்று முதல் கூட்டத்தில் அவருக்கு சோஃபா மச்சான் என்று பெயர் நிலைத்தது. அவள் தடுக்கவில்லை.

ஜூலையில் அந்த கிளப் கடலோர ஊரான மெர்சிங் போவதாகத் திட்டம் போட்டது. போக வர இருநூற்று அறுபது கிலோமீட்டர். ஜாஃபர் பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குள் ஓட்டிப் போகும் முதல் பயணம் அது. அலுவலகத்தில் சொல்லிவிட்டார், பள்ளிவாசலில் சொல்லிவிட்டார், கீழ்வீட்டுச் சீனரிடம்கூடச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸாப்பில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்குக் கல்யாண விருந்து. இரண்டு பேருக்கு மழை. ஒருவருக்கு முதுகுவலி.

அமீரா போன் செய்தாள். "அவரு தனியாப் போவாரு போலத் தெரியுது ஜரீனா. வேணாம்னு சொன்னா கேக்க மாட்டாரு. நீ கூடப் போயிட்டு வந்துடு லா."

போவதாக ஒத்துக்கொண்டாள். போனை வைத்ததும் இப்ராஹீம் அண்ணனுக்கு, நாளை ஒரு சோஃபாவுக்குக் காவல் போகிறேன் என்று செய்தி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் பைக் வரிசை நகர இடமில்லாமல் நின்றது. இரவு வேலை முடிந்து ஜொகூரில் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில், எல்லோரும் சின்ன வண்டிகளில். கிடைத்த இடைவெளியில் தண்ணீர் போல ஓடுகிறார்கள். ஜாஃபரின் வண்டி அந்தத் தடுப்புகளுக்கு நடுவே அடைப்பு மாதிரி நின்றது. அவர் இரண்டு காலையும் ஊன்றி வாத்து நடப்பதுபோலத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் ஹாரன் சத்தம். இஞ்சின் சூடு ஏறி அவருடைய கால்சட்டை வழியாகத் தொடையில் ஏறியிருக்கும். இரண்டு முறை வண்டி அணைந்துபோனது. மூன்றாவது முறை, தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் அவர் வலது கால் வழுக்கியது. முந்நூற்றைம்பது கிலோ எடை மெதுவாக ஒருபக்கம் சாய்ந்தது. தடுப்புக் கம்பிதான் அதைத் தாங்கியது.

பின்னால் இருந்த நான்கு மலாய்க்காரர்கள் வண்டியை விட்டு இறங்கி வந்து தூக்கி நிறுத்தினார்கள். அதில் ஒருவர், இவ்வளவு பெரிதாய் எதற்கு வாங்கினாய் என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். ஜாஃபர் நன்றி சொன்னார். பிறகு கைக்குட்டையை எடுத்து டேங்க்கைத் துடைத்துவிட்டு ஜரீனாவிடம் திரும்பினார்.

"தரை சரியில்ல," என்றார்.

பதினான்கு வருடமாகக் கேட்ட அதே வார்த்தை. ஜரீனா ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

கோத்தா திங்கியைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம். ஜாஃபர் எழுபதுக்கு மேல் போகவில்லை. ஜரீனா பின்னால் காவலாகப் போனாள். அவருடைய பிழைகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். வளைவுக்கு உள்ளே போன பிறகு பிரேக் பிடிக்கிறார். பார்வையை முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். சற்றே சாய்த்தாலும் கால்பலகை தார்ச்சாலையில் உரசிப் பொறி பறக்கிறது, உடனே பயந்து நிமிர்த்திவிடுகிறார். தேர்வுக்கு நான்கு முறை இவரை அனுப்பிய ஆசிரியன் யார் என்று யோசித்தாள். மழை பிடித்தது. நிறுத்தலாம் என்று விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினாள். அவர் பின்கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

இடப்பக்கம் வளையும் ஒரு நீண்ட வளைவில் அது நடந்தது. கால்பலகை உரசியது, அவர் நிமிர்த்தினார், வண்டி நேராக எதிர்ச்சாலைக்குள் போய்விட்டது. மறுபக்கமிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. லாரிக்காரன் தன்பக்க ஓரப் புல்லில் சக்கரத்தை இறக்கினான். இரண்டுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்திருக்கும். ஹாரன் சத்தம் வெகுநேரம் காதில் நின்றது. ஜரீனாவுக்குத் தன் கை பிரேக்கில் இறுகியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பஸ் நிறுத்தக் கொட்டகையில் அவர் நின்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தார். கைகள் மடியில் கிடந்தன. பிறகு கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினார். கண்கள் காய்ந்து, அகலத் திறந்திருந்தன.

"லாரிய வீட்டுல சொல்லாத," என்றார்.

"சொல்லல."

"அமீராவுக்கு ஏற்கனவே பிரஷர்."

"சொல்லலன்னு சொல்லிட்டேன்ல மச்சான்." அதோடு விட்டிருக்கலாம். அவளால் விட முடியவில்லை. "உங்ககிட்ட லைசன்ஸ் இருக்கு. ஓட்டத் தெரியாது. இத வித்துட்டு ஒரு கார் வாங்குங்க."

அவர் திரும்பிப் போகலாம் என்று எழுந்தார்.

திரும்பும்போது அவள் முன்னால் போனாள். புறப்படும் முன், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உரசினால் உரசட்டும், நிமிர்த்தாதீர்கள் என்று மூன்று விஷயம் சொல்லியிருந்தாள். பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஒரு வளைவில்கூடத் தப்பவில்லை. அது அவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

மறுநாள் பராட்டாக் கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். காவல் எப்படி என்றான் ரமணன். ஜரீனா சோதனைச்சாவடியிலிருந்து ஆரம்பித்தாள். வாத்து நடையை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். தரை சரியில்லை என்றதும் இப்ராஹீம் அண்ணனுக்குக் கோப்பி புரையேறியது. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். லாரிக்கு வந்தபோது, அதை எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி தயங்கினாள். சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். அதனால் லாரியை விட்டுவிட்டாள். அந்த இடத்தில் ஏதாவது வேண்டியிருந்தது.

"மழை பிடிச்சதும் பஸ் ஸ்டாப்ல உக்காந்துட்டாரு. உக்காந்து அழுவுறாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ ஜரீனான்னு அழுவுறாரு."

மேசையே அதிர்ந்தது. ரமணனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஜரீனாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டில்தானே சொல்லக்கூடாது, இது வீடு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்குள் ரமணன் ஒரு படம் செய்துவிட்டான். கறுப்புத் தோல் சோஃபா ஒன்று, அதற்கு இரண்டு கண், கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர். கீழே 'மச்சான் வீட்டுக்குப் போகணும்'. அது அவர்கள் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போனது. புதன்கிழமை ஜரீனாவின் மாணவன் ஒருவன் அதை அவளுக்கே காட்டினான். வியாழக்கிழமை ஜாஃபரின் கிளப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரைப் பற்றியது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அமீரா உட்லண்ட்ஸுக்கு ஜரீனாவின் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் வருவதற்கு முன் போன் செய்கிறவள், செய்யாமல் வந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டி மேசையில் வைத்தாள்.

"இது அவருதானே?"

ஜரீனா தலையாட்டினாள்.

"நான் அவருகிட்ட கேட்டேன். அழுதீங்களான்னு. ஆமான்னாரு."

ஜரீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அமீரா மெதுவாகத்தான் பேசினாள்.

"எனக்கு இருவத்தி ரெண்டு வருஷமாச்சு அவரோட. அவங்க உம்மா மவுத்தானப்பகூட அந்த மனுஷன் என் முன்னால அழுததில்ல. உங்கிட்ட அழுதிருக்காருன்னா அங்க என்னமோ நடந்திருக்கு. என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லு."

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் லாரியைச் சொல்ல வேண்டும். லாரியைச் சொல்லாமல் இருக்க வேண்டுமானால், அவர் அழுததாகவே விட்டுவிட வேண்டும். ஜரீனா ஜன்னல் பக்கம் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அவரு அழுவல லாத்தா. நான் சேத்துச் சொன்னது."

"எதுக்கு?"

"சிரிக்கிறதுக்கு."

அமீரா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அவரு ஏன் ஆமான்னாரு?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றாள் ஜரீனா. அமீரா போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வைத்திருந்த தேநீரைத் தொடாமல் கிளம்பினாள்.

அன்று சாயங்காலமே ஜரீனா அங் மோ கியோ போனாள். வீட்டுக்கு மேலே ஏறவில்லை. நினைத்தபடியே ஜாஃபர் கார்பார்க்கில்தான் இருந்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சைலன்சரைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் எழவில்லை. அவளும் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டாள். அவர் அழவில்லை என்று அமீராவிடம் சொல்லிவிட்டதாகவும், லாரியைச் சொல்லவில்லை என்றும் சொன்னாள். மன்னித்துக்கொள்ளும்படியும் சொன்னாள். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் மச்சான் ஆமான்னீங்க?"

"இல்லன்னா, பின்ன என்ன நடந்துச்சுன்னு கேப்பா. லாரி வெளிய வந்துரும். அழுதேன்னா அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன்." துணியை உதறினார். "நீ சொன்ன பொய் எனக்குத் தோதா இருந்துச்சு, அவ்வளவுதான். உன்னக் காப்பாத்த ஒண்ணும் சொல்லல."

அவள் தூணிலிருந்து நிமிர்ந்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியலன்னு நீ மூஞ்சிக்கு நேராச் சொன்ன. அது எனக்குப் பரவால்ல. உண்மைதானே. ஆனா நீங்க ஞாயித்துக்கிழம உக்காந்து பேசுறது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். சோஃபா மச்சான். நல்லா சத்தமாத்தான் பேசுறீங்க, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வரைக்கும் கேக்கும்." முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நாங்க ஷோ காட்டுறவங்கதான். காட்டிட்டுப் போறோம். நீங்க என்ன பண்றீங்க? அடுத்தவன் வண்டியத் தவிர உங்களுக்குப் பேச ஒரு விஷயம் உண்டா?"

"மழைன்னதும் போத்திட்டுப் படுத்துட்டாங்களே உங்க ஆளுங்க, அவங்கள என்ன சொல்றது?" என்றாள் ஜரீனா. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"அவங்களும் இந்தப் படத்தப் பாத்து நல்லா சிரிச்சாங்க," என்றார். "கிளப்ப விட்டு வந்துட்டேன்."

அவள், ஞாயிறு காலையில் பயிற்சி நிலையத்துக்கு வந்தால் தானே வளைவுகளைச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள். அவர் துணியை மடித்து வாளிக்குள் போட்டார்.

"வேற எடத்துல சேந்துட்டேன். சின்னப் பொண்ணு, இருவத்தஞ்சு வயசு இருக்கும். நல்லா சொல்லிக்குடுக்குது. உங்கிட்ட வேணாம் ஜரீனா."

அவள் பேருந்து நிலையத்தைத் தாண்டி, சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் அது உறைத்தது. பதினான்கு வருடத்தில் தன்னிடம் கற்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராக ஒருவரும் சொன்னதில்லை.

மறுநாள் கடையில், அவர் அழவே இல்லை, நான்தான் சேர்த்துச் சொன்னேன் என்று கூட்டத்திடம் சொன்னாள். இப்ராஹீம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ரமணன் மட்டும், "அழுதாத்தான் கத நல்லாருக்கு லா," என்று சொல்லிவிட்டு இன்னொரு பராட்டாவுக்குக் கை காட்டினான். எதிரே ஒரு குரூஸர் வந்து நின்றது. ஓட்டியவர் இறங்கித் தலைமுடியைக் கோதினார். மேசை சிரித்தது. ஜரீனாவுக்கும் சிரிப்பு வந்தது, அது அவளை மீறி வந்ததுதான். குரூஸர்காரர்களைப் பற்றிய அவளுடைய கருத்து எள்ளளவும் மாறவில்லை. ஆனால் கை கழுவ உள்ளே போனபோது, வெளியே மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. குழாயை மூடிவிட்டு, என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டாள். சாலைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

அமீரா மறுபடி போன் செய்ய ஐந்து வாரம் ஆனது. பேசினாள், நலம் விசாரித்தாள். சனிக்கிழமை சாப்பிட வா என்று எப்போதும் கூப்பிடுகிறவள், கூப்பிடவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் அமீராவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லாமல் ஒரு படம் வந்தது. மெர்சிங் படகுத்துறை. கறுப்பு வண்டி தனியாக நின்றுகொண்டிருந்தது, முழுக்கச் சேறு. அதன் பக்கத்தில் ஜாஃபர், சாதாரண மழைச்சட்டையில். தனியாகப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. ஜரீனா படத்தைப் பெரிதாக்கினாள். அவரைப் பார்க்கவில்லை, பின் டயரைப் பார்த்தாள். வண்டியைச் சாய்க்கப் பயப்படுகிறவனின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கும், ஓரம் புதிதாகவே இருக்கும். இந்த டயரின் ஓரம் நன்றாக உரசியிருந்தது. சிரிக்க வேறெதுவும் அகப்படுமா என்று இன்னும் பெரிதாக்கித் தேடினாள். டயர் அடிப்பக்கம் லேசாகப் பிதுங்கியிருப்பது மட்டும் தெரிந்தது.

அக்காவுக்குப் பதில் எழுதாமல் அவருக்கே எழுதினாள். "பின் டயர்ல காத்து கம்மி மச்சான்."

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "படத்துல தெரியுதா?"

"எனக்குத் தெரியும்."

"வர்ற வழியில கோத்தா திங்கில காத்து அடிச்சிட்டேன்," என்று எழுதியிருந்தார்.